பித்தளை மினுக்குற ஊரிலை இருக்கிற மருமோனுக்கு

உனக்கு விசர் எண்டு நான் சொல்ல வரேல்லை, மருமோன். அதைச் சொல்ல உன்ரை மாமி இருக்கிறா. லண்டனிலை கோடை லீவு விட்டால் மற்றப் பெடியள் ஸ்பெயினுக்குப் போகினம், இல்லாட்டில் சுவிசிலை இருக்கிற சித்தி வீட்டை போகினம், அதுவும் இல்லாட்டில் ஏதாவது ஒரு கோயில் தேருக்காவது போகினம். நீ மட்டும் பெஞ்சாதி பிள்ளையளைக் காரிலை ஏத்திக்கொண்டு எங்கையோ ஒரு புல்லுத்தரைக்குக் கரிப்புகை பாக்கப் போறாய். அதுக்கு ரிக்கற் வேறை எடுக்கிறாய். நாங்கள் இங்கை ஒரு சதம் குடுக்காமல் எவ்வளவு புகையைக் கண்டனாங்கள் எண்டு உனக்குத் தெரியாததில்லை.

போகாதை எண்டு மறிக்க மாட்டன். போ. ஆனால் போறதுக்கும் ஒரு ஒழுங்குமுறை இருக்கு. கனகராயன்குளத்துக் கிழவனுக்கு இங்கிலாந்துக்காரன்ரை மெசின் திருவிழாவைப் பற்றி என்ன தெரியும் எண்டு கேளாதை. நீ போன முறை விட்டிட்டுப் போன புத்தகங்களைக் கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டி வாசிச்சு முடிச்சிட்டன். விளங்காத இடத்தை ரீயூசன் வாத்தியாரிட்டைக் கேட்டு விளங்கினன். அவருக்கும் விளங்காத இடத்தை நானே விளங்கப்படுத்தினன். எங்கடை பக்கம் ஆவணி வெயிலிலை நாய் கூட ஒழுங்கையைக் கடக்காது. வாசிக்கிறதை விட வேறை என்ன வேலை?

முதலிலை உந்தத் திருவிழாவின்ரை தலபுராணத்தைத் தெரிஞ்சு வைச்சிரு. இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோடை இங்கிலாந்திலை நீராவி மெசினுகளின்ரை காலமும் முடிஞ்சுது. உழுதது, சூடடிச்சது, றோட்டு அமத்தினது எல்லாம் பெற்றோலுக்கும் டீசலுக்கும் மாற, பழசுகளை இரும்புக்கடைக்காரர் நிறுத்து வாங்கி உடைச்சுக்கொண்டிருந்தினம். அந்த நேரத்திலைதான், 1950ஆம் ஆண்டு, அப்பிள்ஃபோட் எண்ட கிராமத்திலை ஆதர் நப்பர் எண்ட கமக்காரன் தன்ரை 'ஓல்ட் ரைமர்' எண்ட மெசினைக் கொண்டுவந்து, மைல்ஸ் செற்வின்ட் ஸ்ரேபில்ரன் எண்டவற்றை 'லேடி குறோவ்' எண்ட மெசினோடை ஓட்டப்பந்தயம் விட்டவர். பந்தயப் பொருள் ஒரு பீப்பா பியர். ஒம்பது கலன். ஒவ்வொண்டும் தொன் கணக்கிலை நிறை. அதுகள் ரண்டும் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஓட, சனம் ஓரத்திலை நிண்டு பாத்தது. ஆர் வெண்டது எண்டதை விடு, பியர் முடிஞ்சுது. அடுத்தடுத்த வருசம் கூட்டம் பெருகிச்சுது. 1954இலை சங்கம் வைச்சினம். 1969இலை டோர்செற்றிலை பெரிய நீராவித் திருவிழா தொடங்கிச்சுது. அதுக்குப் பிறகு கோடை எண்டால் ஏதாவது ஒரு புல்லுத்தரையிலை புகைதான்.

எங்கடை ஊரிலை ரண்டு பேர் தவறணையிலை பந்தயம் பிடிச்சால் பொலிசிலை முடியும். அங்கை பாரம்பரியத்திலை முடிஞ்சிருக்கு. அதுதான் வெள்ளைக்காரன்ரை கெட்டித்தனம்.

இனி அறிவுரை. வெள்ளனப் போ. பத்து மணிக்குப் போய், பதினொரு மணிக்குத் தேத்தண்ணி குடிச்சு, மத்தியானம் ஊர்வலம் பாக்கிறவன் பாக்கிறது மெசினை இல்லை, மினுக்கை. விடியப்புறம் அங்கை நிக்க வேணும். நீராவி மெசினைக் கிளப்புறது என்னைப்போலை கிழவனைப் படுக்கையாலை எழுப்புற மாதிரி. திறப்பைத் திருகின உடனை நடவாது. நேத்தையச் சாம்பல் அள்ள வேணும், குழாயள் துடைக்க வேணும், பொயிலரிலை தண்ணி காணுமோ எண்டு பாக்க வேணும், எண்ணெய்த் துணியும் விறகும் வைச்சு மூட்ட வேணும், பிறகுதான் நிலக்கரி. ரண்டு மூண்டு மணித்தியாலம் இருமி, முனகி, மூட்டு மூட்டாத் தண்ணி சிந்தித்தான் எழும்பும். அவசரப்படுத்தி நெருப்பைக் கூட்டினால் இரும்பு ஒரு பக்கம் சூடாகி மற்றப் பக்கம் குளிர்ந்து கிடக்கும். தகடு இழுபட்டுக் கசியத் தொடங்கும். அதுக்குப் பிறகு அந்த மெசின்காரன்ரை வாயிலையிருந்து வாற ஆங்கிலம் பிள்ளையள் கேக்கிற ஆங்கிலம் இல்லை.

அந்த விடியப்புறத்திலை மெசின்காரனுக்குக் கதைக்க ஆள் இல்லை. பெஞ்சாதி கரவனுக்குள்ளை நித்திரை. நீ கிட்டப் போய், கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு, "ஐயா, தண்ணிக் கண்ணாடி எங்கை?" எண்டு மட்டும் கேள். வேறை ஒண்டும் வேண்டாம். பொயிலரிலை தண்ணி எவ்வளவு நிக்குது எண்டு காட்டுற கண்ணாடிக் குழாய் அது. அதிலை தண்ணி கீழை போனால் நெருப்புப் பெட்டியின்ரை கூரை வெறும் இரும்பாக் காயும். அப்பிடிக் காய்ஞ்சால் உருகட்டும் எண்டு அந்தக் கூரையிலை ஈயம் அடைச்ச ஆணி ஒண்டு பூட்டியிருக்கு. ஈயம் உருகினால் நீராவி உள்ளை பாய்ஞ்சு நெருப்பை நூக்கும். பொயிலர் வெடிக்காமல் தப்பும். தகடு தப்பினாலும் அந்த மனிசன்ரை மானம் தப்பாது, ஈயம் உருக விட்டவன் எண்டு ஊர் ஊராக் கதைப்பினம். இவ்வளவையும் அவர் உனக்கு ஒரு மணித்தியாலம் சொல்லுவார். நீ "ஓ, அப்பிடியோ" எண்டு தலையாட்டு. கடைசியிலை மேலை ஏறச் சொல்லுவார். காசு குடுத்து ஏறினவை எல்லாம் கீழை வரிசையிலை நிண்டு உன்னை அண்ணாந்து பாப்பினம்.

விலை கேளாதை. மெசின்காரரிட்டை விலை கேக்கிறதும் பொம்பிளையளிட்டை வயசு கேக்கிறதும் அங்கை ஒரே குற்றம். கட்டாயம் தெரிய வேணுமெண்டால் பின்னேரம் அவற்றை மனுசியிட்டைக் கேள். விலை மட்டுமில்லை, குசினி கட்ட வைச்சிருந்த காசு எங்கை போனது, சம்மர் லீவுக்கு எங்கை போகாமல் விட்டது எல்லாம் வரிசையாச் சொல்லுவா. உன்ரை பெஞ்சாதியை அந்த மனுசிக்குக் கிட்ட விடாதை. ரண்டு பேரும் ஒரு கட்சியாயிடுவினம்.

"எங்கடை தாத்தாவிட்டையும் இப்பிடி ஒண்டு இருந்தது" எண்டு சொல்லாதை. அங்கை வாற ஒவ்வொருத்தனும் அதைத்தான் சொல்லுறான். எல்லாற்றை தாத்தாவிட்டையும் இருந்திருந்தால் இங்கிலாந்திலை நடக்க இடம் இருந்திராது. நீ வேறை கதை சொல்லு. முன்பக்கத்திலை பின்னங்காலிலை எழும்பி நிக்கிற குதிரை போட்ட றோலரைக் கண்டால் நில். அது கென்ற் மாகாணத்துக் குதிரை. றொச்செஸ்ரரிலை இருந்த ஏவ்லிங் அன் போட்டர் கொம்பனியின்ரை அடையாளம். அவரிட்டைச் சொல்லு: எங்கடை நாட்டு றோட்டையும் இப்பிடியான ஆவி றோலருகள்தான் அமத்தினது, கண்டி வீதியிலை கிரிபத்கும்புறையிலை இருக்கிற பெருந்தெருக்கள் நூதனசாலையிலை பழைய றோலருகள் இப்பவும் நிக்குது எண்டு. அந்த மனிசன் உடனை கொப்பியும் பேனையும் எடுப்பார். பிறகு உன்னை விடமாட்டார். அது உன்ரை தலைவிதி.

உடுப்பைப் பற்றிச் சொல்ல மறந்திட்டன். வெள்ளை உடாதை. கோயிலுக்கு வெளிக்கிட்ட மாதிரிப் போய்க் கரிக்கோடு கரிக்கோடா வராதை. காத்து எந்தப் பக்கம் அடிக்குதெண்டு பாத்து நில். புகையிலை வாற நெருப்புப்பொறி நைலோன் சட்டைக்கு இரக்கம் காட்டாது. பித்தளையைத் தொடாதை. அந்த மனிசன் விடியப்புறம் தொட்டு மினுக்கின பித்தளையிலை உன்ரை விரல் அடையாளம் விழுந்தால், கலியாண வீட்டிலை பலகாரத் தட்டை உள்ளை எடுத்த கதைதான். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போ. அங்கை விக்கிற உருளைக்கிழங்குப் பொரியலின்ரை விலைக்கு இங்கை ஒரு குடும்பம் ரண்டு நாள் சோறு தின்னும். இடியப்பமும் சம்பலும் கொண்டுபோனால் பக்கத்து மெசின்காரனும் மணம் பிடிச்சுக்கொண்டு வருவான். சிநேகிதம் அப்பிடித்தான் தொடங்கும்.

அவையின்ரை சட்டத்திலை ஒண்டு எனக்குச் சரியாப் பிடிச்சுது. 1865இலை போட்ட சட்டமாம்: தானா ஓடுற வண்டிலுக்கு முன்னாலை ஒருத்தன் சிவப்புக் கொடியோடை நடக்க வேணும், நாட்டுப்புறத்திலை மணிக்கு நாலு மைல், பட்டினத்துக்குள்ளை ரண்டு மைல். மனிசன் நடக்கிற வேகத்தை விடக் கெதியா வண்டில் ஓடக் கூடாது! 1896 கார்த்திகை 14ஆம் திகதி அந்தச் சட்டம் தளர, சந்தோசத்திலை லண்டனிலையிருந்து பிறைற்றனுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனவை. இப்பவும் வருசா வருசம் கார்த்திகைக் குளிரிலை, 1905க்கு முந்தின காருகளிலை மழைக்கு நனைஞ்சுகொண்டு போகினம். உன்ரை மாமி கேட்டிட்டு, "காருக்குக் கூரை இல்லையோ?" எண்டா. இல்லையாம் எண்டன். "அப்ப முன்னாலை நடந்தவன் கெட்டிக்காரன், அவனுக்குக் குடை பிடிக்கக் கையாவது இருந்தது" எண்டா. எங்கடை பக்கத்திலையும் ராத்திரி காட்டு றோட்டாலை வந்தால் லைற் பிடிச்சுக்கொண்டு ஒருத்தன் முன்னாலை நடக்க வேண்டி வாறது உண்டு. அது சட்டமில்லை, யானை.

சரி, ஆவணியிலை வாறன் எண்டு சொல்லியிருக்கிறாய். "மாமா, இங்கையும் பழைய வாகனம் பாக்க இடம் இருக்கோ?" எண்டு கேட்டாய். இருக்கு மோனை. ஆனால் பித்தளையை எதிர்பாராதை.

வவுனியா ஸ்ரேசனிலை தொடங்கு. வடக்குப் பாதை முழுசாத் திறந்தது 1905இலை. நான் சின்னனிலை கண்டது கரிக்கோச்சி; அது வாறதுக்கு முந்திப் புகை வரும், அது போன பிறகும் கண்ணுக்குள்ளை கரித்தூள் நிக்கும். வெள்ளை வேட்டியோடை யாழ்ப்பாணத்திலை ஏறின ஐயாமார் கொழும்பிலை இறங்கேக்கை ஆரெண்டு அடையாளம் தெரியாது. பேந்து டீசல் வந்தது. 1954இலை கொழும்புத் திட்டத்திலை கனடா குடுத்த எஞ்சினுகள்; ஒவ்வொண்டுக்கும் கனடா மாகாணத்தின்ரை பேர். ஒண்டு ஒன்ராறியோ. முதல் ஒன்ராறியோ எங்களிட்டை வந்துது, முப்பது வருசத்தாலை எங்கடை பெடியள் ஒன்ராறியோவுக்குப் போச்சினம். கடன் தீர்ந்துது. அந்த வகை எஞ்சின் எழுபது வருசம் கழிஞ்சும் எங்கடை பாதையிலை ஓடுது. அங்கையெண்டால் கயிறு கட்டி, விளக்கம் எழுதி, வாசலிலை காசு வாங்குவாங்கள். இங்கை அது கூவிக்கொண்டு வர, "நேரம் பிந்தி வருகுது சனியன்" எண்டு பேசிக்கொண்டு ஏறுறம்.

யாழ்தேவி தொடங்கினது 1956 சித்திரையிலை. 1990 ஆனியோடை வடக்குப் பக்கம் நிண்டுது. பிறகு கன வருசம் கோச்சிக்கு வவுனியாதான் கடைசித் தரிப்பு. அங்காலை இருந்த தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருகளுக்கு மேலை ஏறிச்சுது. ரண்டு பக்கத்து ஆக்களுக்கும் அது உதவிச்சுது. இரும்புக்குப் பக்கச்சார்பு கிடையாது. 2011 வைகாசியிலை ஓமந்தை மட்டும் கோச்சி வந்துது, 2013 புரட்டாதியிலை கிளிநொச்சி, 2014 ஐப்பசியிலை யாழ்ப்பாணம். கிளிநொச்சிக்குக் கோச்சி வந்த நேரம் சனம் பாக்கப் போன கூட்டத்தை நீ கண்டிருக்க வேணும். மீசை முளைச்ச பெடியள் வாழ்க்கையிலை முதல் தரம் கோச்சி பாக்கினம். கிழவியள் பெட்டியைத் தடவிப் பாக்கினம். அது புது வாகனம், பாத்த சனம்தான் பழசு. அப்பிடி ஒரு கண்காட்சி டோர்செற்றிலை நடந்திராது.

யாழ்ப்பாணத்துக்குப் போனால் ஏ 40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் எண்டு உன்ரை அப்பாவின்ரை வயசுக் காருகள் இப்பவும் ஓடுறதைக் காணலாம். "எவ்வளவு பக்குவமா வைச்சிருக்கினம்" எண்டு அங்கை போய்ச் சொல்லாதை. பக்குவமில்லை, பொருளாதாரத் தடை. 1990க்குப் பிறகு வவுனியாதான் தடையின்ரை வாசல். தாண்டிக்குளம் சோதனைச்சாவடிக்குத் தெற்கை பெற்றோல் செட், வடக்கை பெற்றோல் தங்கம். புதுக் கார் எங்கையிருந்து வரும்? இருக்கிறதை ஓட்ட வேணும், ஓட்டுறதுக்கும் மண்ணெண்ணெய்தான். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினிலை பத்தாது. அதாலை சின்னப் போத்திலிலை பெற்றோலை வைச்சுக்கொண்டு காபுரேற்றருக்கை நாலு துளி விட்டுக் கிளப்புறது. எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெயை விடுறது. கார் இருமும், இடிக்கும், பின்னாலை வெள்ளைப் புகை தள்ளும், எஞ்சின் ஒயில் தண்ணியாப் போகும். ஆனால் போகும். பிள்ளைப்பேறுக்கும் போச்சுது, செத்த வீட்டுக்கும் போச்சுது. அந்தப் பெற்றோல் போத்திலை வைச்சிருந்த கவனத்திலை பாதி கவனம் நாங்கள் பெத்த பிள்ளையளிலை வைக்கேல்லை.

இப்ப நான் உன்ரை புத்தகத்திலை கண்டதைச் சொல்லுறன், கவனமாக் கேள். 1949இலை இங்கிலாந்திலை ஃபெர்குசன் கொம்பனி இதே வித்தையிலை ஒரு சாம்பல் நிற உழவு மெசின் செய்து வித்திருக்கு. பெற்றோலிலை கிளப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய் வகை மலிவு எண்ணெய்க்கு மாத்துறது. அந்த எண்ணெயை இப்ப விக்கிறேல்லையாம். அதாலை கண்காட்சிக்குக் கொண்டுவாற ஆக்கள் மண்ணெண்ணெயோடை பெற்றோலைக் கலந்து விடுகினமாம். கோவன்ரியிலை கோட்டுப் போட்ட இன்சினியர்மார் செய்ததை யாழ்ப்பாணத்திலை கராச்சுக்காரன் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, பங்கருக்கும் கராச்சுக்கும் இடையிலை ஓடி ஓடிக் கண்டுபிடிச்சான். அவனுக்குக் கப்பும் குடுக்கேல்லை, றிபனும் குத்தேல்லை. நீ அங்கை அந்தச் சாம்பல் மெசினுக்குக் கிட்ட நிக்கேக்கை இந்தக் கதையை அவிழ்த்து விடு. பிறகு பார், அண்டைக்கு ஆர் ஆருக்கு விளக்கம் சொல்லுறதெண்டு.

கூட்டம் பாக்க ஆசையெண்டால் நீ 2022இலை வந்திருக்க வேணும். நாட்டிலை உள்ள அத்தினை வாகனமும், பழசு புதுசு எண்ட பாகுபாடு இல்லாமல், பெற்றோல் செட்டிலையிருந்து மைல் கணக்குக்கு வரிசையா நிண்டுது. சொந்தக்காரர் உள்ளுக்கை படுத்து, வெளியிலை சமைச்சு, பக்கத்து வாகனக்காரனோடை சம்பந்தம் பேசின இடமும் உண்டு. எஞ்சின் ஒண்டும் ஓடேல்லை எண்டதுதான் ஒரு குறை. ஆடியிலை பெற்றோலைப் பங்கிடக் கியூஆர் கோட் வந்து அந்தத் திருவிழாவைக் குழப்பிப் போட்டுது. அதுக்கும் முந்தி, 2020 பங்குனியிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, தனியார் காருக்கு 2025 மாசியிலைதான் திறந்து விட்டவை. அந்த இடைவெளியிலை பக்கத்து வளவு மாஸ்ரர் தன்ரை ஓட்டைக் காரை வாங்கின விலையை விடக் கூட்டி வித்தார். பழைய வாகனத்திலை லாபம் கண்ட மனிசன் எண்டு உங்கடை சங்கத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போ. உலகத்திலை அவர் ஒருத்தர்தான் இருப்பார்.

ஆவியிலை ஓடுற கோச்சிதான் வேணுமெண்டு நிண்டால், தெற்கிலை 1986இலை வைஸ்ரோய் ஸ்பெசல் எண்டு உல்லாசப் பயணியளுக்காக ஒண்டு தொடங்கினவை. அது வாடகைக் கோச்சி, காசுக்காரற்றை விளையாட்டு. கடுகண்ணாவையிலை ரயில்வே நூதனசாலை இருக்கு, இலங்கை ரயிலுக்கு 150 வயசு ஆன அண்டைக்கு, 2014 மார்கழி 27இலை திறந்தது. போ, பார், வா. என்னைக் கேட்டால் காங்கேசன்துறையிலை கப்பல் ஓடுற நாளாப் பாத்து நாகபட்டினத்துக்கு ஏறிப் போய், மேட்டுப்பாளையத்திலை நீலகிரிக் கோச்சி பிடி எண்டுதான் சொல்லுவன். 1899இலை குன்னூர் வரைக்கும், 1908இலை ஊட்டி வரைக்கும் போட்ட பாதை. 46 கிலோமீற்றர், 208 வளைவு, 16 குகை. குன்னூர் ஏத்தத்துக்கு இப்பவும் நீராவி எஞ்சின்தான், பின்னாலை நிண்டு தள்ளும். நடுவிலை பல்லு வைச்ச தண்டவாளம் ஒண்டு. எஞ்சினிலை இருக்கிற பல்லுச்சில்லு அதைக் கடிச்சுக் கடிச்சு மேலை ஏறும். ஊட்டிக்குப் போய்ச் சேர நாலரை, அஞ்சு மணித்தியாலம். சிவப்புக் கொடி பிடிச்சவனோடை போட்டி போடலாம். அது கண்காட்சியில்லை, ரிக்கற் எடுத்துச் சனம் ஏறிப் போற வண்டி. அதாலைதான் எனக்கு அதிலை மரியாதை.

ஏ9ஆலை வடக்கை போகேக்கை ஆனையிறவிலை றோட்டோரம் கவசம் போட்ட புல்டோசர் ஒண்டு நிக்கும். 1991ஆம் ஆண்டுச் சண்டையிலை வந்தது. தென்பகுதியிலையிருந்து பஸ் பஸ்ஸா வந்து படம் எடுக்கினம். அதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. நீயும் கேளாதை. சின்னவள் கேட்டால் தண்ணிப் போத்திலைக் குடுத்து வேறை பக்கம் பாக்கச் சொல்லு.

முள்ளிவாய்க்கால் பக்கம் 2009க்குப் பிறகு குவிஞ்சு கிடந்துதே, சைக்கிள், மோட்டச்சைக்கிள், உழவு மெசின், பஸ், வான் எண்டு, அந்தக் கண்காட்சிக்கு ஒருத்தரும் ரிக்கற் அடிக்கேல்லை. வன்னியிலை இருந்த அவ்வளவு வாகனமும் ஒரே கடற்கரைக்கு வந்து நிண்ட ஒரே நாள் அதுதான். பேந்து கனக்க இரும்பு நிறுத்துப் போட்டுது. அங்கையும் ஒரு ஆதர் நப்பர் வந்திருக்கலாம், வரேல்லை.

அதிலை என்ரை மெசினும் நிண்டது. உனக்குத் தெரியும், மசி ஃபெர்குசன் 135, கோவன்ரியிலை செய்தது, பேக்கின்ஸ் மூண்டு சிலிண்டர் எஞ்சின். நாங்கள் மெனிக் பாம் முகாமிலை கிடந்து வந்த பிறகு, மெசினின்ரை பதிவுப் புத்தகத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு இலக்கம் இலக்கமாத் தேடிப் பிடிச்சன். டயர் இல்லை, பற்றரி இல்லை, சீற் இல்லை, எஞ்சினுக்குள்ளை கடல் மண். கழட்டிக் கழுவிப் பூட்டினம். அடுத்த காலபோகத்துக்கு உழுதுது. இப்பவும் உழுகுது. வெட்டு மெசின் வந்த பிறகு சூடு மிதிக்கிற வேலை அதுக்கு இல்லை, பெட்டியிலை நெல்லு ஏத்துறதோடை சரி. நான் மினுக்கிறேல்லை. மினுக்கினால் வேலை செய்ய மனம் வராது, எனக்கும் அதுக்கும்.

நீ வாற நேரம் சவாரி கிவாரி எங்கையும் வைச்சினமெண்டால் கூட்டிக்கொண்டு போறன். ரண்டு மாடு, ஒரு வண்டில், பெற்றோலும் வேண்டாம் பொயிலரும் வேண்டாம். உங்கடை ஓல்ட் ரைமரை ரண்டு திடல் பின்னாலை விட்டிட்டுப் போகும். பந்தயம் பிடிக்கிற வழக்கம் எங்களுக்கும் உண்டு. பியருக்கு இல்லை எண்டு மாமிக்கு முன்னாலை சொல்லி வைக்கிறன்.

கடைசியா ஒரு சின்ன அலுவல். உந்தத் திருவிழாவளிலை ஒரு மூலையிலை பழைய சாமான் கடையள் போடுகினமெண்டு நீதானே சொன்னாய், பாயிலை பரப்பி வைச்சுத் துருப்பிடிச்ச நட்டும் விளக்கும் விக்கிறதெண்டு. அங்கை கொஞ்சம் குனிஞ்சு தேடு. என்ரை மெசினின்ரை மூக்கிலை பூட்டியிருந்த சின்னத்தை அந்தக் கடற்கரையிலை ஆரோ கழட்டிப்போட்டான். மூண்டு முக்கோணம் போட்டது, உள்ளங்கை அளவு. 135 எண்டு பொறிச்ச பக்கத்துத் தகடும் கிடைச்சால் சந்தோசம், இல்லாட்டில் பறவாயில்லை. டூப்பிளிக்கேற் வேண்டாம், அது இங்கை கடையிலையே தொங்குது. நீ விலை கேட்டால் ஏத்துவான், சின்னவளை விட்டுக் கேப்பி. கொஞ்சம் கறுத்துக் கிடந்தாலும் வாங்கு, நான் புளி போட்டுத் தேய்ச்செடுப்பன். மாமிக்கு மூச்சுக் காட்டாதை. அவவுக்கு நான் ஒயில் பில்ரர் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.